பஸ் முதலாளியும் பரம்பிக்குளம் தண்ணீரும்

பொள்ளாச்சியில் பி. நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டை ஊரார் ‘ஏபிடி’ என்றே சொல்வார்கள். அவருடைய மகன் நா. மகாலிங்கம் 1952-ல், முப்பது வயது முடியும் முன்பே, காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனார். 57-லும் 62-லும் பொள்ளாச்சியில் அவருக்கே வெற்றி.

பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுப்பது அரசு, ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வோ பஸ் முதலாளி. போதாக்குறைக்கு, பதவியில் இருந்த 60-களிலேயே பவானி அருகே ஆப்பக்கூடலில் சக்தி சர்க்கரை ஆலையும் எழுந்தது. ‘தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே கோட்டைக்குப் போனார்?’ என்று யாராவது கேட்டால் கோபப்பட முடியாது. வள்ளலாருக்கும் காந்திக்கும் விழா எடுத்தார், கல்லூரி கட்டினார், 2007-ல் பத்ம பூஷண் பெற்றார் என்று அடுக்குவது அதற்குப் பதிலாகாது. பதிலைத் தேடுவதானால் பி.ஏ.பி. வாய்க்காலில்தான் தேட வேண்டும்.

பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஆனைமலையில் கொட்டும் மழையெல்லாம் மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே உடுமலையும் பல்லடமும் வானம் பார்த்துக் கிடந்தன. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று அணைகளைக் கட்டி, சுரங்கங்களால் கோத்து, தண்ணீரைச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே வளைந்து வளைந்து 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணையில் சேர்கிறது காண்டூர் கால்வாய். அதன் பாசனம் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கட்டாது என்பதால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் திரும்ப முறை வர இரண்டு வருஷம். கடைமடைக்காரர் புலம்பல் தனிக் கதை.

திட்டத்துக்கு உரிமை கொண்டாட ஆள் நிறைய உண்டு. யோசனையை விடாமல் வற்புறுத்திய வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர், நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம், முதல்வர் காமராஜர் மூவரையும் தள்ளிவிட்டு மகாலிங்கத்துக்கு மட்டும் மாலை போடுவது சரியல்ல. ஆனால் பதினைந்து வருஷம் தொகுதியின் குரலாக இருந்து அதற்காக நின்றவர் அவர். கேரளத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானதே 1970-ல்தான்; 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று அதில் முன்தேதி போட வேண்டியிருந்தது. அவ்வளவு துணிச்சலாக வேலையை முன்னதாகவே தொடங்கியிருந்தார்கள்.

1967-க்குப் பிறகு அவர் சட்டமன்றத்தில் இல்லை. 1972-ல் தி.மு.க. அரசு ஏபிடி பஸ்களை எடுத்துச் சேரன் போக்குவரத்துக் கழகத்தை உண்டாக்கியது. உள்ளே இருந்திருந்தாலும், எதிர்வரிசையில் உட்கார்ந்து அவர் என்ன செய்திருக்க முடியும்? ஏபிடி பார்சல் லாரிக்கும் மாருதி கார் விற்பனைக்கும் மாறிக்கொண்டது.