சியாபு காலத்தில் ஊசி மட்டும் போதாது

மலேசியாவில் போதை ஊசி போடுவோருக்குப் புது ஊசி வழங்கும் திட்டம் 2006இல் தொடங்கியபோது, முதலில் இறங்கிய ஊர்களில் ஜொகூர் பாருவும் ஒன்று. கோலாலம்பூரும் பினாங்கும் மற்ற இரண்டு. அன்றைய எதிரி ஹெராயின். 2002ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, பெரும்பாலோருக்கு ஊசி வழியே வந்தது. போதைக்கு அரசே துணைபோகிறதா என்ற கூச்சலுக்கு நடுவே புது ஊசியும் மெத்தடோன் மருந்தும் கொடுத்தார்கள். பலன் கிடைத்தது. இப்போது அங்கே புதிய தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை உடலுறவு வழியே வருபவை.

அந்த வெற்றி திருநங்கைகளை எட்டவில்லை. 2017இல் சுகாதார அமைச்சின் ஆய்வில் அவர்களிடையே எச்.ஐ.வி. 10.9 விழுக்காடு.

போதைப்பொருளும் மாறிவிட்டது. இன்று தெருவில் ஓடுவது சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின். கற்கண்டுச் சில்லு மாதிரி இருக்கும். கண்ணாடிக் குழாயில் போட்டு, அடியில் லைட்டரைக் காட்டி, எழும் புகையை இழுப்பார்கள். ஊசிக்கு இங்கே வேலையில்லை. ஊசி கொடுக்க வந்தவருக்கும் சியாபு இழுக்கும் திருநங்கைக்கும் தொடர்பே ஏற்படாமல் போகிறது. வேலை கிடைக்காமல் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட திருநங்கை இரவு முழுக்க நிற்க வேண்டும். தூக்கம், பசி, கூச்சம், அடி விழுமோ என்ற பயம் எல்லாவற்றையும் சியாபு தள்ளிவைக்கும். வாடிக்கையாளரே வாங்கிவந்து சேர்ந்து இழுக்கச் சொல்வதும் உண்டு. ஆணுறை வேண்டாம், கூட ரிங்கிட் தருகிறேன் என்று அவர் சொல்லும்போது மறுக்கும் தெளிவு அந்த நேரத்தில் இருக்காது. உறவு நீளும், உடல் உலரும், சவ்வு கிழியும். எச்.ஐ.வி. மட்டுமல்ல, சிபிலிஸும் நுழைய அது போதும். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவள் இரண்டு நாள் தூங்காவிட்டால் மாத்திரை வேளையையும் தவறவிடுவாள்.

ஹெராயினுக்கு மெத்தடோன் இருந்தது. சியாபுவிலிருந்து விடுவிக்க அப்படியொரு மருந்து எங்குமே அங்கீகரிக்கப்படவில்லை. ஆலோசனையும் விடாத தொடர்பும்தான் சிகிச்சை. அதற்கு அவள் உள்ளே வந்து வாய்திறந்து பேச வேண்டும்.

எப்படி வருவாள்? கிளினிக் முகப்பில் நீட்டும் மைகாட் அடையாள அட்டையில் இருப்பது ஆண் பெயர். தமிழச்சி என்றால் பெயருக்குப் பின் 'ஏ/எல்', அதாவது இன்னாரின் மகன். கூடம் நிறைய ஆட்கள் இருக்க, அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் சுடிதாரில் எழுந்து போவது யாராலாகும்? சட்டமும் சும்மா விடுவதில்லை. பெண்ணுடை உடுத்தும் முஸ்லிம் திருநங்கைகளை மாநில ஷரியா சட்டங்கள் பிடிக்கும். நெகிரி செம்பிலானில் அத்தகைய பிரிவு செல்லாது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம்மவர் உட்பட மற்றவர்கள்மேல் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டம் பாய்ந்திருக்கிறது. பையிலுள்ள ஆணுறையே சாட்சியாகிவிடும் என்று அஞ்சுகிறவளிடம் "ஆணுறை வைத்துக்கொள்" என்று அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. போதை, உடலுறவு, ஹார்மோன் மூன்றையும் ஒரே அறையில், போலீஸ் பயமின்றிச் சொல்ல முடிந்தால்தான் மாற்றம் வரும்.

வழிகள் இல்லாமலில்லை. தொற்று வராமல் காக்கும் பிரெப் மாத்திரையை 2023 முதல் சில அரசு கிளினிக்குகள் தருகின்றன. பலர் பயப்படுவதுபோல் அது உடலின் பெண் ஹார்மோன் அளவைக் குறைப்பதில்லை. ஆணுறையின்றி உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பு மருந்து உண்டு. தொற்று இருந்து, மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் வழி அது பரவாது.

கிளினிக் முகப்பில் இருப்பவர்களே, பெயரை விடுங்கள், எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டைவிட்டுப் போன பிள்ளையின் பெற்றோரே, பரிசோதனைக்கு அவளோடு ஒருமுறை கூடப் போங்கள்.