இறுகிய பிணைச்சல் ஆணியைக் கழற்றுதல்

மாணவர்களே, 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் கதவின் பிணைச்சல் ஆணி இறுகிவிடுவதுண்டு. காரணம் என்ன? இரும்பு, நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்றுத் துருவாகிறது. துருவின் கனவளவு, அது உருவாகிய இரும்பின் கனவளவிலும் கூடியது. எனவே அது ஆணிக்கும் துளைக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பி இறுக்குகிறது. ஓங்கி அடித்தால் ஆணியின் முனை நசிந்து அகன்று மேலும் இறுகும்.

செய்யவேண்டியவை:

1. கதவுக்கு முண்டு கொடுங்கள். இல்லாவிடின் ஆணி கழன்றதும் கதவு காலில் விழும்.
2. மெல்லிய எண்ணெயிட்டு ஓரிரவு விடுங்கள். மயிர்த்துளைமையினால் அது உட்செல்லும்.
3. ஆணியிலும் சற்று ஒடுங்கிய உருக்குக் கோலை வைத்து அளவாகத் தட்டுங்கள்.

எண்ணெய் தீப்பற்றக்கூடியது, அருகில் சுவாலை வேண்டாம்.

பரீட்சையில் "ஏன் இறுகியது?" என வினவினால், "பழையதாகிவிட்டது" என எழுதாதீர்கள். "துருவின் கனவளவு கூடியது" என்பதே காரணம்.