நாடாவிலிருந்து தகட்டுக்கு: குரல் கெடாது காக்கும் முறை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை அடுத்த சிற்றூரொன்றில் வாழும் எமது உறவினர் இல்லத்தில் பழைய வீடியோ நாடாக்கள் சில உள. அவற்றுள் ஒன்று 1991-ஆம் ஆண்டு நடந்த திருமணப் படம். மணமகளின் பாட்டியார் நலங்குப் பாட்டுப் பாடுவது அதில் பதிவாகியுள்ளது. அவ்வம்மையார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவர் குரல் வேறெங்கும் இல்லை. அந்நாடாவைக் குறுந்தகட்டில் மாற்றித் தருமாறு இல்லத்தார் ஒரு கடையிற் கொடுத்தனர். வந்த தகட்டிலே படம் தெளிவாயிருந்தது. பாட்டோ கிழிந்த பறைபோற் கரகரத்தது. நாடாவே பழுதாயிற்றென்று எண்ணி, அதனை எறிந்துவிடக் கருதினர். யாம் தடுத்தோம். தடுத்ததன் காரணத்தை மாணவரும் பிறரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு விளக்குவோம்.

முதலிற் செய்யவேண்டுவது, குற்றம் நாடாவிலுளதா, மாற்றுகையில் நேர்ந்ததா என்று தெளிதலாம். நாடாவை அதற்குரிய யந்திரத்தில் இட்டு, தொலைக்காட்சிப் பெட்டியில் நேரே கேட்டல் வேண்டும். அங்கே குரல் தெளிவாயிருப்பின், குற்றம் நாடாவினதன்று. எமது உறவினர் நாடாவை அவ்வாறு கேட்டபோது, சற்று மங்கிய ஒலியாயினும் உடைவு சிறிதுமில்லை. மங்கல் இயல்பே. ஒலிநாடாப் பேழையில் நாடா நொடிக்கு ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் ஓடும். நம் நாட்டில் வழங்கிய வி.எச்.எஸ். நாடாவோ ஏறக்குறைய 23 மில்லிமீட்டரே ஓடும். ஓட்டம் மெல்லியதாதலின், அதன் ஓரத்திற் பதியும் ஒலியில் நுண்ணிய கூர்மை குறையும். மங்கல் வேறு, உடைதல் வேறு.

உடைதல் எவ்வாறு நேர்கின்றது? டி.வி.டி. தகட்டுக்காக ஒலியை எண்ணாக்கும்போது, யந்திரம் ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 48,000 முறை அளக்கின்றது. ஒவ்வோர் அளவையும் வழக்கமாக 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கின்றது. உச்சிப் படிக்கு மேல் வேறு படி இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி என்பதை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். அதற்கு மேல் வரும் நீரை ஏரி தேக்காது. அவ்வாறே உச்சிப்படியை மீறும் அலையின் முடி தட்டையாக வெட்டப்படுகின்றது. வெட்டுண்ட அலையில் மூலத்தில் இல்லாத புதிய ஓசைகள் தோன்றும், அவையே கரகரப்பு. மதகு வழியே வெளியேறிய நீர் ஏரிக்கு மீளாததுபோல, வெட்டுண்ட முடியும் தகட்டிலிருந்து மீளாது. தகட்டின் ஒலியைப் பின்னர்த் தாழ்த்தினால், கரகரப்புத் தாழ்ந்து ஒலிக்குமேயன்றி நீங்காது. கணினி வெட்டுண்ட இடத்தை ஊகித்து நிரப்பும் முறைகள் உள. ஆயினும் ஊகம் பாட்டியாரின் குரல் ஆகாது.

இப்பிழைக்குப் பெரும்பான்மையும் காரணம் ஒரு சிறு கவனக்குறைவே. கணினியின் மைக் துளை, வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கான மின்னழுத்தத்தை எதிர்பார்ப்பது. வந்ததைப் பன்மடங்கு பெருக்கியே உட்கொள்ளும். வீடியோ யந்திரம் வெளிவிடுவதோ அதனினும் நூறு மடங்கு மிக்கது. இதனை அதிற் செருகினால் அலை வெட்டுண்பது திண்ணம். ஆகவே, லைன் இன் எனும் துளையிலேனும், வெள்ளை சிவப்புத் துளைகளையுடைய மாற்றுக் கருவியிலேனும் கம்பியைச் செருகவேண்டும்.

அடுத்தது அளவு வைத்தல். பதிவு தொடங்குமுன் நாடாவில் மிக உரத்த இடத்தைத் தேடுக. திருமணப் படமாயின் அது கெட்டிமேளமே. நாதசுரமும் தவிலும் ஒருங்கே முழங்குகையில், அளவுமானியின் முள் உச்சிக்கு 6 டெசிபல் கீழே, அஃதாவது உச்ச உயரத்தின் பாதியளவிலே, நிற்குமாறு செய்க. ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருப்பின் அதனை நிறுத்துக. பாட்டு மெல்லியதாகத் தோன்றினும் அஞ்சவேண்டா. மெல்லிய பதிவைப் பின்னர் உயர்த்தலாம்; உடைந்ததை ஒட்டவியலாது.

உடைவன்றி இரைச்சல் மட்டும் கேட்பின், நாடா செல்லும் தலைகளில் அழுக்கோ பூசணமோ படிந்திருத்தல் கூடும்; அறிந்தவரைக்கொண்டு துடைக்கவேண்டும். ஹை-ஃபை யந்திரத்தில் முரலும் ஒலி கேட்பின் டிராக்கிங் எனும் திருகைச் சற்றே திருப்புக. இனி, படமெடுத்த நாளிலேயே மைக்கில் ஒலி மிகுந்து உடைந்திருப்பின், அக்குற்றம் நாடாவிலேயே தங்கும்; அதற்கு முழுப் பரிகாரம் இல்லை.

நிற்க. இவையனைத்தினும் தலையாயது, தகடு வந்துவிட்டதென்று நாடாவை எறியாமை. நாடா உள்ளவரை பிழையைத் திருத்தலாம். காலமும் நீளாது: வீடியோ யந்திரங்களைச் செய்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016-ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்ததையும் மறவேம். ஆதலின் மாற்றிய படியை ஈரிடங்களில் வைத்தல் அறிவுடைமை.

எமது உறவினர் நாடாவைக் கம்பி மாற்றி, அளவு குறைத்து, மீண்டும் பதிந்தோம். நலங்குப் பாட்டு எழுந்தது. பாட்டியாரின் மூத்த மகனார் இருமுறை கேட்டார். "இது அம்மா குரல்தான்" என்றார். எழுந்து சென்று, நாடாவைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.