டீசல் வராத வண்டியும் 14,000 ரூபாய் பாடமும்

கீரைக்குக் காத்திருக்கத் தெரியாது. அறுத்து, ஈரச் சாக்கு போர்த்தி, விடிகாலை நான்கு மணிக்கு வண்டி கிளம்பினால்தான் திண்டுக்கல் உழவர் சந்தையில் கடை பிடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். போன ஐப்பசியில் ஒரு நாள் நத்தம் சாலையில் வண்டி நின்றுவிட்டது. அரைக்கீரையும் சிறுகீரையுமாக 200 கட்டு பின்னால். இருட்டு, தூறல் வேறு.

என்னுடையது இருபது வருஷம் தாண்டிய டீசல் பிக்கப். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் நான்கு ஏக்கரும் கிணறும் வாங்கியது போக, மிச்சத்துக்கு வந்த வண்டி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். பிறகு இழுவை குறையும், இரண்டு தடவை குலுங்கும், நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இதே கதை வாரத்துக்கு இரண்டு முறை.

டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். "டீசல் பம்ப் போயிருச்சு சார்" என்றார்கள். இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிப் பிரித்து, நாசிலையும் பார்த்து மாட்டினார்கள். 14,000 ரூபாய். மூன்றாம் நாள் அதே நத்தம் சாலை, கிட்டத்தட்ட அதே புளியமரம்.

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். மாலையில் கேஷ் இடித்தால் முதலில் அன்றைய வவுச்சரைப் புரட்டுவோம், கட்டைத் திரும்ப எண்ணுவோம். எடுத்த எடுப்பில் பெட்டகத்தை உடைத்துப் பார்க்க மாட்டோம். வண்டி விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

கடைசியில் பார்த்துக் கொடுத்தவர் எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் தம்பி. அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "டீசல் போற வழியை டேங்கிலேர்ந்து வரிசையாப் பாப்போம் சார்" என்றார். பழைய டீசல் வண்டியில் அந்த வழி சுலபமானது. டேங்க், அதிலிருந்து குழாய், டீசலை உறிஞ்சித் தள்ளும் ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில். மிஞ்சும் டீசல் ரிட்டர்ன் குழாயில் டேங்குக்கே திரும்பும். செலவு குறைந்த சாமான்கள் டேங்க் பக்கம், விலை கூடியவை இன்ஜின் பக்கம். நான் தலைகீழாக ஆரம்பித்திருந்தேன்.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றை லோடு தட்டில் இறுக்கிக் கட்டினார். அதிலிருந்து ஒரு ஹோஸை ஃபீட் பம்புக்குக் கொடுத்தார். ரிட்டர்னையும் கேனுக்குள்ளேயே விட்டார், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். சைலன்சர் பக்கம் ஹோஸ் போகாமல் பார்த்துக்கொண்டார். அப்படியே இருபது கிலோமீட்டர் ஓட்டினோம். ஒரு குலுங்கல் கூட இல்லை. பம்பும் ஃபில்டரும் நாசிலும் நல்லாத்தான் இருக்கின்றன, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் என்று அங்கேயே தீர்ந்துபோனது.

பழையபடி மாட்டி ஓட்டி, வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. "எப்ப மாத்துனீங்க இந்த மூடியை?"

பழைய மூடி எங்கேயோ தொலைந்துபோக, ஆவணியில் பூட்டு வைத்த மூடி ஒன்றை நானே வாங்கி மாட்டியிருந்தேன். அதில் காற்றுத் துளை இல்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், ஃபீட் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. வண்டி நின்றபின் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். டீசல் போடும்போதெல்லாம் அந்த 'உஸ்' சத்தத்தை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்! துளையுள்ள மூடிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது.

நடுவழியில் நிற்பது போயிற்று. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு. இது வேறு வியாதி. ஹேண்ட் பிரைமரை முப்பது தடவை அடித்தால் கிளம்பும் என்றால், ராத்திரியில் எங்கோ காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாமல் போகலாம். கீழே ஈரம் இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகச் செருகிப் பார்த்தோம். குமிழி குமிழியாக ஓடியது. டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. டீசல் தாங்கும் ஹோஸ்தான் வாங்கவேண்டும், சொட்டுநீர்க் குழாயை வெட்டி மாட்டக்கூடாது. (மாட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.)

அதற்குப் பிறகு ஏர் எடுக்கவேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன போல்ட்டை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரையில்லாத டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே போல்ட்டை இறுக்குங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கும் போல்ட்டிலும் அதேபோல. அடியில் ஒரு தட்டு வையுங்கள். இரசாயனம் வேண்டாம் என்று சொல்லும் நாம் நம் மண்ணிலேயே டீசலைக் கொட்டலாமா? நாசிலுக்குப் போகும் குழாய்களை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அங்கே பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் என்று விடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. காமன் ரெயில் வைத்த புது வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு, நீங்களாக எதையும் தளர்த்தவேண்டாம்.

நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் புங்கன் எண்ணெயை டேங்கில் ஊற்றிப் பார்க்கச் சொல்வார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயிலேயே டீசல் இன்ஜின் ஓடியது உண்மைதான். ஆனால் பச்சை எண்ணெய் கெட்டி, ஃபில்டரை அடைக்கும், நாசிலில் கரி பிடிக்கும். பக்குவப்படுத்திய பயோடீசலும் பழைய டேங்கின் அடியில் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்குக் கொண்டுவரும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும். சந்தைக்குப் போகும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கட்சி.

மழைக்காலத்தில் டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வைக்கிறேன், காலியிடம் இருந்தால் ராத்திரிக் குளிரில் உள்ளே நீர் வேர்க்கும். வாரம் ஒருமுறை ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். சீட்டுக்கு அடியில் ஒரு ஃபில்டர், ஒரு முழம் ஹோஸ், நான்கு கிளிப், இரண்டு ஸ்பேனர், டார்ச் இருக்கின்றன. மெக்கானிக் தம்பி கூலியாக 600 ரூபாய் வாங்கிக்கொண்டார், முருங்கைக்கீரை மட்டும் வாராவாரம் போகிறது.