வெள்ளம் வந்தால் ரயிலை ஏன் நிறுத்துறாங்க? பாலத்தில் இருக்கும் சிவப்புப் பட்டைக்கு என்ன அர்த்தம்? முழு விளக்கம்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. தென் மாவட்டங்களில் இருந்து சென்னைக்குப் போக வேண்டிய சில எக்ஸ்பிரஸ் ரயில்கள் விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் பக்கம் போகவில்லை. திருவண்ணாமலை, காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டு சென்னைக்குத் திருப்பி விடப்பட்டன. பல ரயில்கள் ரத்து. விடிந்தால் சென்னை என்று நினைத்துப் படுத்தவர்கள் வழியிலேயே காத்துக்கிடந்தார்கள்.

காரணம் ஒரே ஒரு பாலம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் இருக்கும் 452-ம் எண் பாலம். ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழையில் அங்கே வெள்ளம் அபாய அளவைத் தாண்டிவிட்டது. பாலம் இடிந்து விழவில்லை, தண்டவாளமும் அறுந்து தொங்கவில்லை. அப்புறம் எதுக்கு நிறுத்தினாங்க?

சிவப்புப் பட்டை என்ன சொல்கிறது?

அடுத்த முறை ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் போனால் தூணைக் கொஞ்சம் கவனியுங்கள். அகலமான ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அதுதான் அபாய அளவு. அந்த இடத்தில் இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ளம் எது, எந்த வருஷம் வந்தது என்பதையும் குறித்து வைத்திருப்பார்கள். தண்ணீர் சிவப்புப் பட்டையைத் தொட்டுவிட்டால் ரயிலை நிறுத்த வேண்டியதுதான். வெள்ளம் இறங்கிய பிறகு பொறியாளர்கள் வந்து பார்த்துச் சொன்னால்தான் ரயில் மறுபடி ஓடும். அதுவும் முதலில் மெதுவாகத்தான் விடுவார்கள்.

பாலத்தின் எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 452 என்றால் 452 பெரிய பாலங்கள் இருக்கின்றன என்று அர்த்தம் இல்லை. தடம் தொடங்கும் இடத்தில் இருந்து, ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு இருக்கும் சிறுபாலம் உட்பட எல்லாவற்றுக்கும் வரிசையாக எண் கொடுக்கிறது ரயில்வே. தண்ணீர் போகும் வழியின் மொத்த அகலம் 18 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பெரிய பாலம். ஒரே கண் 12 மீட்டர் இருந்தாலும் பெரிய பாலம்தான். மற்றவை எல்லாம் சிறுபாலங்கள். பயணிகள் கண்ணில் படுவது பெரிய பாலங்கள் மட்டும்தான். ஆனால் எண்ணிக்கையில் சிறுபாலங்கள்தான் மிக அதிகம்.

பழைய பாலம் என்றாலே ஆபத்தா?

விழுப்புரம் – காட்பாடி தடம் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர்கேஜாகப் போடப்பட்டது. போளூர் போகும் வழியில் செய்யாற்றையும், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றையும் இந்தத் தடம் கடக்கிறது. இப்படிப்பட்ட தடங்களை அகலப்பாதையாக மாற்றும்போது சில இடங்களில் பாலத்தையே புதிதாகக் கட்டுவார்கள். சில இடங்களில் மேலே இருக்கும் இரும்பு கர்டரை மட்டும் மாற்றிவிட்டு, பழைய தூண்களை வலுப்படுத்தி வைத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தூண் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, அது அசையவே அசையாது என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே பாதிதான் சரி.

அதே டிசம்பர் வெள்ளத்தில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதம் முன்புதான் திறக்கப்பட்ட சாலைப் பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. வயதை மட்டும் வைத்து ஒரு பாலத்தை எடைபோட முடியாது. அடித்தளத்தைச் சுற்றி மண் இருக்கிறதா, இல்லையா? பொறியாளர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கடற்கரையில் அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணல் நழுவுவதை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். பாலத்தின் தூணுக்கும் அதேதான் நடக்கிறது. வேகமாக வரும் தண்ணீர் தூணில் மோதி, கீழ்நோக்கிச் சுழன்று, அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிடும். நம்மூர் மணல் ஆறுகளில் கிணறு மாதிரி ஆழமாக இறக்கித் தூண்களுக்கு அடித்தளம் போட்டது இதனால்தான்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் மிக ஆழமாக விழும். தண்ணீர் வடியும்போது அதே பள்ளத்தில் தளர்வான மணல் வந்து படிந்துவிடும். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருப்பது மாதிரியே தெரியும். ஆற்றில் மணல் அள்ளி அள்ளித் தரைமட்டமே இறங்கிப்போன இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வெள்ளம் வருவதற்கு முன்பே தூணின் பிடிமானம் குறைந்து போயிருக்கும்.

2021-ல் வடதமிழகம் இதை நேரில் பார்த்தது. நவம்பர் வெள்ளம் வடிந்து வாரக்கணக்கான பிறகு, டிசம்பர் கடைசியில், காட்பாடி – அரக்கோணம் தடத்தில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையில் பொன்னையாற்றுப் பாலத்தில் சேதம் தெரியவந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பியவர்களின் ரயில்கள் வரிசையாக ரத்தாகின.

நிறுத்தாமல் போனால்?

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையில் இருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மருதையாற்றில் பெருவெள்ளம். பாலம் சேதமடைந்திருந்தது இன்ஜினை ஓட்டியவருக்குத் தெரியாது. பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதற்குச் சில மாதம் முன்புதான் மகபூப்நகர் பக்கம் இதேபோல ஒரு பாலம் உடைந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே ராஜினாமா செய்ய முன்வந்தார் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடியும் கடிதம் கொடுத்தார், இந்த முறை ஏற்கப்பட்டது. இந்த ராஜினாமாவை இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். மருதையாற்றின் பெயர்தான் பலருக்கு மறந்துபோய்விட்டது.

வேங்கிக்கால்காரர்கள் ஏரியைப் பார்க்க வேண்டும்

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் ஆறு கிடையாது. ஏரி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் முழுக்கவே இப்படித்தான். ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. இந்தச் சங்கிலியை ரயில் தடம் குறுக்கே வெட்டும் இடங்களில்தான் சிறுபாலங்கள் இருக்கின்றன.

சிறுபாலத்தின் கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை, வழக்கமாக ஓடி வரும் தண்ணீரைக் கணக்குப் போட்டு முடிவு செய்திருப்பார்கள். ஏரிக் கரையே உடைந்தால் கதை வேறு. மணிக்கணக்கில் வர வேண்டிய தண்ணீர் நிமிடக்கணக்கில் வந்து மோதும். 2005 அக்டோபர் 29 அன்று இன்றைய தெலங்கானாவின் வலிகொண்டா அருகே நடந்தது இதுதான். மேலே ஏரி உடைந்து வந்த வெள்ளம் ஒரு சிறுபாலத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. விடியற்காலை இருட்டில் வந்த டெல்டா பாசஞ்சர் அதில் விழுந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் பலி. பெரிய ஆறு எதுவும் அங்கே இல்லை.

இதற்காகவே 'ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்' என்று ஒரு தனிப் பதிவேடு இருக்கிறது. எந்த ஏரி உடைந்தால் எந்தப் பாலத்துக்கு ஆபத்து என்பது அதில் இருக்கும். மழைக்காலத்துக்கு முன் ரயில்வே பொறியாளர்களும் மாநில நீர்வளத் துறையினரும் சேர்ந்து போய்க் கரை, மதகு, கலங்கல் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது விதி. பாலம் ரயில்வேயுடையது, ஏரி மாநிலத்துடையது, அந்த ஏரிக்கு வரும் கால்வாயை ஆக்கிரமித்திருப்பது வேறு யாராவது. சிக்கலே இங்கேதான்.

மழை ராத்திரிகளில் தடத்தில் ஆட்கள் விளக்கோடு ரோந்து நடப்பார்கள். பள்ளம் தெரிந்தால் சிவப்பு விளக்கு காட்டுவார்கள், தண்டவாளத்தில் டெட்டனேட்டர் வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் அது பட்டாசு மாதிரி வெடிக்கும், லோகோ பைலட் உடனே பிரேக் போடுவார். தண்ணீரின் அளவைத் தானாகக் கண்காணித்துச் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளும் முக்கியமான பாலங்களில் வந்துவிட்டன. சிறுபாலங்களுக்கு இன்னும் மனிதக் கண்தான்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்? தடத்துக்கு அடியில் மண் சரிந்திருந்தாலோ, சிறுபாலத்தின் கண் குப்பையால் அடைத்திருந்தாலோ பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லலாம், அல்லது ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம். ரீல்ஸ் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கிவிடக் கூடாது, தள்ளி நின்றே பார்க்கலாம். பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணையோ, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையோ சேர்த்துச் சொன்னால், இடத்தைத் தேடி அலையாமல் ஆட்கள் நேராக வந்துவிடுவார்கள்.