பதுளை வீதியால் மேலே

கதிரவெளியில் நின்றால் மலை தெரியாது. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும், வடக்கே வெருகலாறு. ஆனாலும் மலையில் மழை பெய்தது ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே வானம் வெளித்திருக்க, வெருகலில் மட்டும் தண்ணீர் கலங்கி ஏறும். "மேல மழையாம்" என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருவார்கள்.

வெருகல் மகாவலியின் ஒரு கிளை. நுவரெலியாவின் கிறகரி வாவியில் வழிகிற நீர் நானுஓயாவில் சேர்ந்து, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கு வருகிறது. அணைகளும் வாய்க்கால்களும் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு பங்கு நம் வாசலால்தான் கடலுக்குப் போகிறது. தண்ணீர் நம்மைத் தேடி எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. நாம்தான் மேலே போக முடியாமல் இருந்தோம்.

யுத்த காலத்தில் பயணத் திட்டம் என்றால் அனுமதியும் அடையாள அட்டையும்தான். திருகோணமலைப் பக்கம் போனால் துறைக்குத் துறை 'பாதை' என்கிற மிதவைப் படகு: வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா. பாதை அக்கரையில் நின்றால் வெயிலில் குந்தியிருக்க வேண்டியதுதான். மட்டக்களப்புப் பக்கம் போனால் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். ஆஸ்பத்திரி, பரீட்சை, செத்த வீடு, இவற்றுக்குத்தான் ஆட்கள் வெளிக்கிட்டார்கள். வாவி பார்க்கப் போகிறேன் என்று எவராவது சொல்லியிருந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். பிறகு 2004 சுனாமி. 2006 நவம்பரில் இங்குள்ள பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து பலர் இறந்தார்கள். அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று ஏப்ரல் பிறந்தால் 'சீசன்' பார்க்க வான் பேசிவிடுகிறார்கள். இரவு சாப்பிட்டுவிட்டு ஏறுகிறார்கள், பாட்டுப்பெட்டி அலறுகிறது, விடியும்போது நுவரெலியா. வாவியில் ஒரு படகு, குதிரையோடு ஒரு படம், கொஞ்சம் ஸ்ட்ரோபெரி, அன்றிரவே திரும்பல். ஒரு காலத்தில் எட்டாதிருந்த இடத்தை இப்படி ஓடியோடிப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

என்னைக் கேட்டால், பகலில் போங்கள், பதுளை வீதியால் போங்கள். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாக வரும் ஏ 5 வீதி முடிகிற இடம் நம் செங்கலடி. யுத்தத்தில் செங்கலடியை அடுத்த கறுத்தப்பாலத்துக்கு அப்பால் அது வேறொரு நாடுபோலக் கிடந்தது. இன்று மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் கை நனைத்துவிட்டு, லுணுகலை ஏற்றத்தைக் காதடைப்பால் உணர்ந்து, வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களைத் தாண்டி, சீதாஎலிய அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிடலாம். கோயிலை ஒட்டி ஓடுகிற ஓடையில் காலை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்க மாட்டீர்கள்.

சாரதியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஓட்டுநர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஓடிப் பழகியது சமதரை. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நித்திரை முழித்தும் ஓடக்கூடாது. 2025 மே 11 விடியற்காலை இதே ஏ 5இல், றம்பொடைக்குக் கிட்ட கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருட நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையைச் சரித்தது. மகாவலியின் கீழ்ப்புறம் வெள்ளம் நின்றது. மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்காமல் வெளிக்கிட வேண்டாம்.

இரண்டு இரவு தங்குங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை வேடிக்கை பார்த்துப் படம் எடுக்காதீர்கள்; அவை வீடுகள். வாசலில் நிற்பவர்களும் தமிழில்தான் பேசுகிறார்கள், ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கதை கொடுங்கள்.

சுவெட்டர் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கதிரவெளிச் சாரத்தோடு அந்த இரவைக் கழிக்க முடியாது.