ஒலியை முந்தும் விமானம்: வானத்து இடி அடங்குமா?

லண்டனில் இருந்து நியூயார்க் போக இன்று விமானத்தில் ஏழு, எட்டு மணி நேரம் ஆகிறது. இதே தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடந்த விமானம் ஒன்று இருந்தது. அதன் பெயர் கான்கார்டு.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டிய விமானம் அது. 1976-ம் ஆண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கியது. வேகம், மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கும் மேல். ஒலியைப் போல இரு மடங்கு வேகம்!

2003-ம் ஆண்டோடு கான்கார்டு ஓய்வு பெற்றது. காரணங்கள் பல. டிக்கெட் விலை அதிகம். எரிபொருள் செலவும் அதிகம். 2000-ம் ஆண்டு பாரிஸ் அருகே நடந்த விபத்தில் 113 பேர் மாண்டனர். இவை போக, தொடக்கம் முதலே அதற்கு ஒரு தொல்லை இருந்தது. அதுதான் சத்தம்.

இடி எப்படி வருகிறது?

விமானம் பறக்கும்போது காற்றைத் தள்ளுகிறது. அதனால் எழும் அலைகள், ஒலியின் வேகத்தில் நாலாபக்கமும் பரவும். விமானம் ஒலியை முந்திவிட்டால், அந்த அலைகள் விலகிப்போக வழியின்றி ஒன்றாகத் திரண்டுவிடும். தரையில் அது "டமார்" என்று இடிபோல் கேட்கும். ஓர் இடத்தில் மட்டும் அல்ல. விமானம் போகும் வழி நெடுகிலும் கேட்கும்!

1,253 இடிகள்

மக்கள் இதைப் பொறுப்பார்களா? 1964-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சோதித்துப் பார்த்தார்கள். தினமும் எட்டு இடிகள். ஆறு மாதத்தில் 1,253 இடிகள்! கண்ணாடி ஜன்னல்கள் உடைந்தன. புகார்கள் குவிந்தன. "இதோடு வாழ முடியாது" என்று நூற்றுக்கு 27 பேர் கூறிவிட்டனர்.

1973-ல், பயணிகள் விமானங்கள் நிலத்துக்கு மேல் ஒலியை முந்திப் பறக்க அமெரிக்கா தடை விதித்தது. கான்கார்டு தன் முழு வேகத்தைக் கடலுக்கு மேல்தான் காட்ட முடிந்தது.

ஊசி மூக்கு விமானம்

இப்போது அமெரிக்காவின் "நாசா" ஸ்தாபனம் புது வழி தேடுகிறது. "எக்ஸ்-59" என்ற அதன் சோதனை விமானம் 2025 அக்டோபர் 28-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. சுமார் 30 மீட்டர் நீள விமானத்தில், மூக்கு மட்டும் 11 மீட்டருக்கு மேல்! விமானிக்கு முன்பக்கக் கண்ணாடி கிடையாது. காமிரா காட்டும் திரையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

நீண்ட மூக்கு, அலைகளை ஒன்றுசேர விடாமல் பிரித்துவிடும். இடிக்குப் பதிலாக, கார் கதவைச் சாத்துவது போன்ற மெல்லிய சத்தமே கேட்கும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள்.

அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், பழைய தடையை நீக்கி, சத்தத்துக்கு அளவு வகுக்கும்படி 2025 ஜூனில் உத்தரவிட்டார். எக்ஸ்-59 விமானத்தை ஊர்களுக்கு மேல் பறக்கவிட்டு, மக்களின் கருத்தைக் கேட்பது நாசாவின் திட்டம்.

வேகமாகப் பறக்க மனிதன் எப்போதோ கற்றுக்கொண்டான். கீழே தொட்டிலில் தூங்கும் குழந்தை விழிக்காமல் பறக்க வேண்டும். அதுதான் இனி அவன் கற்க வேண்டிய பாடம்!